ஒரு நாயின் விலை

நாய்களைப் பற்றிச் சொல்லப்படும் உண்மைக் கதைகளில் பெரும்பாலானவை ஒரே கதையின் பிரதிகள். எஜமான் இறந்துபோகிறான், நாய் காத்திருக்கிறது. ஊர் முதலில் விரட்டுகிறது, பிறகு சோறு வைக்கிறது, கடைசியில் சிலை வைக்கிறது. எடின்பரோவில் 1872இல் செத்துப்போன பாபி என்ற சின்ன நாய்க்கு அடுத்த வருஷமே சிலை எழும்பிவிட்டது. டோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்துக்கு ஹச்சிகோ என்ற நாய், 1925 மே மாதம் இறந்துவிட்ட பேராசிரியர் ஊயெனோவை எதிர்பார்த்து, 1935 மார்ச்சில் தான் சாகும்வரை வந்துகொண்டிருந்தது. இதில் நம் கவனத்துக்குரியது நாயின் பொறுமையைவிட மனிதர்களின் அவசரம். 1934இல், நாய் உயிரோடிருக்கும்போதே, அதற்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். நன்றி மறவாமைக்கு உதாரணமாகப் பள்ளி நீதிப் பாடத்தில் அதைச் சேர்த்தார்கள். யுத்தத்துக்கு உலோகம் தேவைப்பட்டபோது அதே சிலையை உருக்கினார்கள். 1948இல் மறுபடி வார்த்து நிறுத்தினார்கள். இவ்வளவுக்கும் நாயின் சம்மதம் தேவைப்படவில்லை.

இதைவிடப் பழைய நாய்க் கதை ஒன்று நமக்குத் தெரியும். மகாபாரதத்தின் முடிவில், மனைவியும் தம்பிகளும் வழியில் ஒவ்வொருவராக விழுந்துவிட்ட பின், தருமனோடு கூடவே வந்தது ஒரு நாய்தான். இந்திரன் ரதத்தைக் கொண்டுவந்து நிறுத்துகிறான். நாயை விட்டுவிட்டு ஏறமாட்டேன் என்கிறான் தருமன். மகத்தான இடம். ஆனால் உடனே நாய் தர்மதேவதையாக மாறிவிடுகிறது. என் மனசுக்கு இது சற்று ஏமாற்றமாகவே இருந்து வந்திருக்கிறது. அது வெறும் நாயாகவே இருந்திருந்தால் தருமனின் பிடிவாதத்துக்கு என்ன பதில் கிடைத்திருக்கும்? பரீட்சை என்று தெரிந்ததும் கேள்வியின் கூர்மை போய்விடுகிறது.

நாய் கடைசிவரை நாயாகவே இருந்துவிட்ட ஒரு சம்பவம் 1846 செப்டம்பரில் லண்டனில் நடந்தது. சம்பந்தப்பட்ட இருவரும் கவிஞர்கள். அப்போதுதான் ரகசியமாகக் கல்யாணத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தவர்கள். லண்டனில் தபால் ஒரே நாளில் பலமுறை பட்டுவாடா ஆன காலம் அது. ஆகவே அந்த வாரம் முழுக்க அவர்கள் என்ன நினைத்தார்கள், எங்கே முரண்பட்டார்கள் என்பதெல்லாம் கடிதங்களாகவே மிஞ்சியிருக்கிறது. எலிசபெத் பாரெட்டும் ராபர்ட் பிரௌனிங்கும் எழுதிக்கொண்ட கடிதங்களை அவர்கள் மகன் 1899இல் வெளியிட்டார். 570க்கும் மேற்பட்டவை. காதல் கடிதங்கள் என்று பெயர். நாய் விஷயமாக அவர்கள் எழுதிக்கொண்டவற்றை இரண்டு மனசாட்சிகளின் வழக்கு என்று சொல்ல வேண்டும்.

ஃப்ளஷ் என்ற அந்த நாய் எலிசபெத்திடம் வந்து சேர்ந்த விதத்தை முதலில் சொல்லவேண்டும். 1840 ஜூலையில், டார்க்கீ கடற்கரையில் எலிசபெத் உடம்பு தேறத் தங்கியிருந்தபோது, அவருடைய அன்புத் தம்பி எட்வர்ட் படகில் போய் மூழ்கிப்போனார். தம்பியைத் தன்னோடு இருக்க வைத்துக்கொண்டது தான்தான் என்ற குற்ற உணர்வு எலிசபெத்தைப் படுக்கையில் தள்ளியது. அடுத்த வருஷத் தொடக்கத்தில் எழுத்தாளர் மேரி ரஸ்ஸல் மிட்ஃபோர்ட் தன்னிடமிருந்த நாயின் குட்டியை, ஸ்பானியல் ஜாதி, அனுப்பி வைத்தார். மிட்ஃபோர்ட் வசதியுள்ளவரல்ல. நல்ல ஜாதி நாய்; விற்றால் பணம் கிடைத்திருக்கும். அதற்குப் பின் விம்போல் தெரு 50ஆம் எண் வீட்டின் மாடியறையில், ஜன்னலை அடைத்துவிட்ட வெளிச்சத்தில், நோயாளியின் கால்மாட்டில் ஃப்ளஷ் ஐந்து வருஷம் கிடந்தது. 1844இல் வந்த எலிசபெத்தின் கவிதைத் தொகுதியில் அதன் பேரில் ஒரு கவிதை இருக்கிறது. அவர் எழுதியவற்றில் சிறந்தது என்று சொல்ல மாட்டேன். 1845 மே மாதம் முதல் அந்த அறைக்கு பிரௌனிங் வர ஆரம்பித்தார். அவரை நாய்க்குப் பிடிக்கவில்லை. 1846 ஜூலையில் கடித்தது. பிரௌனிங் பணியாரம் வாங்கிவந்து சமாதானம் செய்ய வேண்டியிருந்தது.

அந்தக் காலத்து லண்டனில் நாய் திருடுவது ஒழுங்கான தொழில். திருடியவன் விற்பதில்லை, சொந்தக்காரரிடமே பேரம் பேசித் திருப்பித் தருவான். இதற்கு வசதியாகச் சட்டமும் இருந்தது. ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் நாய் என்பது திருட்டுக் குற்றத்துக்கு உட்பட்ட சொத்து அல்ல. ஆடு சொத்து, குதிரை சொத்து. நாய் இழிந்த ஜாதிப் பிராணி. நாயின் கழுத்துப்பட்டையைத் திருடினால் திருட்டு, நாயைத் திருடினால் திருட்டில்லை என்கிற விசித்திரம். தனிச் சட்டங்கள் போட்டு அபராதம் விதித்தார்களே தவிர தொழில் நிற்கவில்லை. 1844இல் பார்லிமெண்ட் இதை விசாரிக்க ஒரு கமிட்டியே அமைத்தது. 1845இல் நாய்த் திருட்டுக்கென்று தனியாகச் சட்டம் வந்தது. திருப்பித் தருவதற்குப் பணம் வாங்குவதும் அதன்படி குற்றம். சட்டம் வந்த மறுவருஷம் ஃப்ளஷ் மூன்றாவது தடவையாகத் திருட்டுப்போயிற்று. 1843 செப்டம்பரில் ஒரு தடவை, 1844 அக்டோபரில் ஒரு தடவை, ஏற்கெனவே ஆகிவிட்டிருந்தது.

1846 செப்டம்பர் 1, செவ்வாய்க்கிழமை. எலிசபெத்தும் தங்கை அரபெல்லும் வியர் தெருவில் கடைக்குப் போயிருந்தார்கள். நாய் வண்டி வரைக்கும் கூடவே வந்தது. வண்டியில் ஏறித் திரும்பிப் பார்த்தால் இல்லை. சக்கரங்களுக்கு அருகிலிருந்தே வாரிக்கொண்டு போய்விட்டார்கள். யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. டெய்லர் என்பவன் அந்தக் கூட்டத்தின் தலைவன். அவனுடைய விலாசம் எல்லோருக்கும் தெரியும். சகோதரர் ஹென்றி அவனைப் போய்ப் பார்த்தார். ஆறு கினி என்றான். மறுநாள் இரவு டெய்லரே விம்போல் தெருவுக்கு வந்தான். தந்தை எட்வர்ட் மோல்டன்-பாரெட் பணம் தர மறுத்து அனுப்பிவிட்டு, மகளிடம் சொல்ல வேண்டாம் என்று கட்டளையும் போட்டார். நாற்பது வயதான மகள்.

எலிசபெத்துக்குத் தெரிந்துவிட்டது. பேரம் பேசி இழுத்தடித்த ஒரு சீமாட்டிக்கு நாயின் தலை பார்சலில் வந்து சேர்ந்த கதையும் தெரியும். பணத்தைக் கொடுத்து நாயை மீட்கத் தீர்மானித்து பிரௌனிங்குக்கு எழுதினார். பிரௌனிங்கின் பதில்தான் எதிர்பாராதது. தான் ஒரு காசு கொடுக்கமாட்டேன் என்றார். நீ கொடுக்கும் பணம்தான் அடுத்த திருட்டுக்கு முதலாகிறது. எல்லோரும் மறுத்தால் தொழிலே அழிந்துபோகும். பலவான்கள் பலவீனர்களை மிரட்டி வாழும் அக்கிரமமெல்லாம் இப்படிப்பட்ட சின்னச் சின்ன இணங்கல்களில்தான் நிற்கிறது என்பது அவர் வாதம். தான் சொல்வதை டெய்லர் முகத்துக்கு நேராகவே சொல்லத் தயார் என்றும் எழுதினார்.

வாதம் சரிதான். இதை முதலில் ஒப்புக்கொண்டுவிட வேண்டும். பிரௌனிங்கைக் கல்நெஞ்சர் என்று தள்ளிவிடுகிறவர்கள் விஷயத்தின் கஷ்டத்தை உணராதவர்கள். ஆளைக் கடத்திப் பணம் பறிக்கிறவர்கள் முன்னால் அரசாங்கங்கள் இன்றைக்கும் சொல்கிற பதில் இதுதான். பொதுவாக நின்று பார்த்தால் இதற்கு மறுப்பே கிடையாது. குறை என்னவென்றால், பொதுவான உண்மைக்காகச் சாகவேண்டியது ஷோர்டிச்சில் ஒரு அறையில் கட்டிப்போட்டிருக்கும் ஒரு குறிப்பிட்ட நாய். அதற்கு லண்டன் நாய்களின் பொது நன்மை பற்றி எந்த அபிப்ராயமும் இல்லை.

எலிசபெத் தத்துவத்துக்குத் தத்துவத்தால் பதில் சொல்லவில்லை. ஒரு கேள்வி கேட்டார். நாளைக்கு நாம் இத்தாலிக்குப் போகிறோம், அங்கே கொள்ளைக்காரர்கள் என்னை மலைக்குத் தூக்கிக்கொண்டு போய், என் காது ஒன்றை உங்களுக்கு அனுப்பிப் பணம் கேட்கிறார்கள் என்று வையுங்கள். அப்போதும் கொள்கைப்படி மறுத்துவிட்டு அடுத்த காது வருகிறவரை காத்திருப்பீர்களா? விளையாட்டுப்போல எழுதியதுதான். ஆனால் அந்தக் கேள்வியில் பிரௌனிங் மாட்டிக்கொண்டார். உனக்காக என்றால் இருப்பதையெல்லாம் கொடுத்துவிடுவேன், பிறகு ஆயுள் முழுக்க அந்த அயோக்கியர்களைத் துரத்துவேன் என்கிற ரீதியில்தான் அவரால் பதில் சொல்ல முடிந்தது. அப்படியென்றால் கொள்கைக்கு ஒரு எல்லை இருக்கிறது. அந்த எல்லையை வகுப்பது அன்பு. யாருடைய அன்பு, எந்த உயிர் வரைக்கும் என்பதுதான் பாக்கி. அவருடைய எல்லைக்கு வெளியே நாய் இருந்தது, எலிசபெத்தின் எல்லைக்கு உள்ளே இருந்தது. இவ்வளவுதான் வித்தியாசம். இதைத் தீர்த்துவைக்க நியாய சாஸ்திரத்தில் வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

எலிசபெத் காரியத்தில் இறங்கினார். வருஷக்கணக்காகப் பெரும்பாலும் அறையிலேயே கிடந்தவர், பணிப்பெண் வில்ஸனைக் கூட்டிக்கொண்டு வாடகை வண்டியில் ஷோர்டிச்சுக்குப் போனார். வழி தெரியாமல் வண்டிக்காரன் ஒரு குடிக்கடையில் விசாரித்தான். நாய் விஷயமாக டெய்லரைத்தானே பார்க்க வேண்டும் என்று தெருவில் நின்றவர்கள் கேட்டார்கள். வண்டியைச் சுற்றிக் கூட்டம். டெய்லர் வீட்டில் இல்லை. பருத்த உடம்புக்காரியான அவன் மனைவி வெளியே வந்து, உள்ளே வந்து காத்திருக்கலாமே என்று உபசாரம் செய்தாள். வில்ஸன் நடுங்கிப்போய் இறங்க வேண்டாம் என்று கெஞ்சினார். செய்தியைச் சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். சற்றுநேரத்தில் டெய்லரே விம்போல் தெருவுக்கு வந்தான். பணம் மாடியிலிருந்து கீழே வந்துகொண்டிருந்த அந்த நேரத்தில் இன்னொரு சகோதரர் ஆல்ஃபிரட் அவனைத் திருடன், பொய்யன் என்று கூடத்தில் வைத்தே திட்டினார். இனி நாயை நீங்கள் பார்க்கப்போவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டு அவன் போய்விட்டான். எலிசபெத் இருட்டுகிற நேரத்தில் மறுபடி ஷோர்டிச்சுக்குப் புறப்பட்டார். வீடே எதிர்த்து நின்றது. கடைசியில் தம்பி செப்டிமஸ் தான் போவதாக ஏற்றுக்கொண்டு, போய்ப் பணம் கொடுத்துவிட்டு வந்தார். செப்டம்பர் 5, சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு ஃப்ளஷ் வீடு வந்தது. நேராக மாடிக் கதவுக்கு ஓடியது. தன் ஊதா நிறக் கிண்ணத்தில் மூன்று தடவை நிரப்பி நிரப்பித் தண்ணீர் குடித்தது. ஐந்து நாள் தாகம். மூன்று திருட்டுக்களுக்குமாக 20 பவுண்டு ஆகியிருந்தது.

ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 12 சனிக்கிழமை, எலிசபெத் பிரௌனிங்கை மேரில்போன் கோவிலில் ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டார். 19ஆம் தேதி வில்ஸனும் ஃப்ளஷும் உடன்வர வீட்டைவிட்டு வெளியேறினார். தந்தை 1857இல் சாகும்வரை மன்னிக்கவில்லை. மகளின் கடிதங்களைப் பிரிக்காமல் திருப்பினார். ஷோர்டிச் பயணம்தான் அந்தப் பெண்ணை விடுவித்தது என்று சொல்ல ஆசையாக இருக்கும். சரித்திரம் எழுதுகிறவன் இந்த ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். கல்யாணத் தேதியை நிர்ணயித்தது வேறு காரணம்: வீட்டை மராமத்து செய்யக் குடும்பம் முழுவதையும் கிராமத்துக்கு அனுப்பத் தந்தை திடீரென்று உத்தரவிட்டார். ஆனால் ஒன்று சொல்லலாம். அந்த வாரத்தில் எலிசபெத் எதிர்த்தது தந்தையை மட்டுமல்ல. தந்தையிடமிருந்து தன்னை மீட்க வந்தவரையும்தான். அவரிடமும் தன் அபிப்ராயத்தை விட்டுக்கொடுக்காமல் அதற்குப் பின்தான் கல்யாணம் செய்துகொண்டார்.

இவற்றையெல்லாம் இன்றைய வாசகர்கள் அறிந்திருப்பது பெரும்பாலும் வர்ஜீனியா வுல்ஃப் மூலமாகத்தான். 1931இல் தன் மிகக் கடினமான நாவலை முடித்துக் களைத்துப்போயிருந்த சமயம் இந்தக் கடிதங்களைப் படித்து, நாய் வருகிற இடங்களில் சிரித்து, நாயின் சரிதையாகவே ஒன்றை எழுத ஆரம்பித்தார். 1933இல் 'ஃப்ளஷ்' வெளிவந்தது. நன்றாக விற்றது. இனிமையான புத்தகம் என்று சொல்லிவிடுவார்களே என்று அவர் பயந்தார், சொல்லிவிட்டார்கள். நம்மூரில் வுல்ஃபைப் பற்றிப் பேசுகிறவர்களும் இந்தப் புத்தகத்தைப் பொழுதுபோக்கு என்று தாண்டிப் போவதுதான் வழக்கம். மூன்று திருட்டுகளை வுல்ஃப் ஒன்றாக்கினார். குறிப்பில் அதை ஒப்புக்கொள்ளவும் செய்தார். ஷோர்டிச்சை வொய்ட்சாப்பல் ஆக்கினார். இவை சரித்திரத்துக்குத் துரோகம்தான். ஆனால் கடிதங்களில் கண்ணுக்குத் தப்பிவிடுகிற ஒன்றை அவர் பிடித்துக்கொண்டார்: விம்போல் தெருவின் அடைத்த ஜன்னல்களுக்கும் மாட்டுக் கொட்டிலுக்கு மேல் மனிதர்கள் நெருக்கியடித்துக் கிடந்த சந்துகளுக்கும் இடையே தூரம் ரொம்பக் கொஞ்சம். டெய்லர்கள் அந்தத் தூரத்தின்மீது வசூலிக்கும் வரிதான் ஆறு கினி. எலிசபெத் பத்து வருஷம் கழித்து 1856இல் எழுதிய 'அரோரா லீ' என்ற நெடுங்கவிதையில் லண்டன் சேரிகளின் முகங்கள் வருகின்றன. நாயைத் தேடிப்போன வண்டியின் ஜன்னலிலிருந்து பார்த்த முகங்கள் அவை என்கிறார் வுல்ஃப். ஏற்கத்தக்கது.

சொத்து பற்றிய சட்டத்தை முன்னே சொன்னேன். அதில் பாரெட் குடும்பத்துக்கு இன்னொரு சம்பந்தம் உண்டு. அவர்கள் செல்வம் ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களில் சேர்ந்தது. தந்தை பிறந்ததே ஜமைக்காவில்தான். எலிசபெத்தின் சொந்த வருமானத்திலும், அதாவது நாயை மீட்கவும் பின்னால் இத்தாலியில் குடித்தனம் நடத்தவும் உதவிய பணத்திலும், 1837இல் ஜமைக்காவில் இறந்த சித்தப்பா சாமுவேல் விட்டுச்சென்றது ஒரு பகுதி. பிரிட்டிஷ் காலனிகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1834 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது. பயிற்சிக்காலம் என்ற பெயரில் ஒட்டிக்கொண்டிருந்த மிச்சமும் 1838இல்தான் தீர்ந்தது. ஆக, நாய் சொத்தாகாமல் இருந்த அதே சட்டத்தின் கீழ் மனிதர்கள் சொத்தாக இருந்தார்கள். எலிசபெத் இதை அறியாதவரல்ல. தப்பியோடும் அடிமைப் பெண் ஒருத்தி பேசுவதாக அவர் எழுதிய கவிதை, 1848ஆம் வருஷத்துக்கென்று அமெரிக்காவில் வெளியான அடிமை ஒழிப்பு மலரில் வந்தது. தன் ரத்தத்தில் அடிமை வைத்திருந்தவர்களின் வம்சம் ஓடுகிறது, சாபத்தில் நம்பிக்கை இருந்தால் பயப்பட வேண்டியதுதான் என்ற அர்த்தத்தில் 1855இல் ரஸ்கினுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அறிந்தவர், வெட்கப்பட்டவர், அந்தப் பணத்தில் வாழ்ந்தவர். மூன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஃப்ளஷுக்கு இத்தாலியில் நல்ல காலம். ப்ளாரன்ஸில் கழுத்தில் சங்கிலி இல்லாமல் தெருவில் திரிந்தது. தெள்ளுப்பூச்சி பிடித்ததும் பிரௌனிங் அதன் மயிரைச் சிங்கம்போலக் கத்தரித்துவிட்டார். கொள்கைக்காரருக்கும் நாய்க்கும் அதற்குள் சிநேகமாகிவிட்டிருந்தது. 1854இல் செத்தது. காஸா குய்தி என்ற அவர்கள் வீட்டின் நிலவறையில் புதைத்தார்கள்.

வில்ஸனைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. ஷோர்டிச்சில் வண்டிக்குள் நடுங்கியவர். ஒரு வாரம் கழித்துக் கோவிலில் சாட்சி நின்றவர். தன் வேலையைப் பணயம் வைத்து வீட்டைவிட்டு வெளியேறத் துணையாக வந்தவர். சம்பளம் வருஷத்துக்குச் சுமார் 16 பவுண்டு. ஃப்ளஷை மூன்றாம் முறை மீட்ட தொகை அவருடைய ஏறக்குறைய ஐந்து மாதச் சம்பளம். இத்தாலிக்கு வந்தபின் சம்பள உயர்வு கேட்டார், கிடைக்கவில்லை. 1855இல் அந்த வீட்டில் வேலை பார்த்த ஒரு இத்தாலியரைக் கல்யாணம் செய்துகொண்டார். முதல் குழந்தை இங்கிலாந்தில் பிறந்தது. குழந்தையையும் வைத்துக்கொண்டு எஜமானிக்குப் பணிவிடை செய்வதென்பது அந்த வீட்டில் நடக்கிற காரியமாக இல்லை. பிள்ளையைத் தன் சகோதரியிடம் விட்டுவிட்டுத்தான் அவர் ப்ளாரன்ஸ் திரும்பினார். ஷோர்டிச்சுக்குப் போகிற அளவு நீண்ட எலிசபெத்தின் அன்பின் எல்லை, பக்கத்திலேயே அதே வண்டியில் உட்கார்ந்திருந்தவர் வரைக்கும் நீளவில்லை. பிரௌனிங்கிடம் கேட்ட காது பற்றிய கேள்வியைத் தன்னிடமே கேட்டுக்கொண்டாரா என்பதற்குத் தடயம் எதுவும் நான் படித்த கடிதங்களில் இல்லை. இப்படிச் சொல்வதால் அந்த சனிக்கிழமைப் பயணம் சிறுத்துப் போய்விடுவதாக நான் நினைக்கவில்லை. அது நடந்தது, அதற்குத் தைரியம் வேண்டியிருந்தது, நாய் பிழைத்தது.

'ஃப்ளஷ்' புத்தகத்தின் பின்குறிப்புகளில் வுல்ஃப் வில்ஸனுக்காக மட்டும் பல பக்கங்கள் ஒதுக்கினார். இவருக்கு ஒரு சரிதைக்காரன் வேண்டும் என்று அங்கே அவர் கேட்டுக்கொண்டது, நாயின் சரிதையை எழுதி முடித்த கையோடு. எலிசபெத் 1861இல் இறந்தார். வில்ஸன் ப்ளாரன்ஸில் விடுதி நடத்தினார். வயோதிகக் கவிஞர் வால்டர் ஸாவேஜ் லாண்டர், பிரௌனிங்கின் ஏற்பாட்டில், அங்கேதான் தங்கினார். முதுமையில் வில்ஸனுக்கு இடம் தந்தவர் எலிசபெத்தின் மகன். ஃப்ளஷுக்கு 1844இலும் 1850இலும் கவிதைகள் கிடைத்தன, 1933இல் சரிதை கிடைத்தது. வில்ஸனை மையமாக வைத்து மார்கரெட் ஃபார்ஸ்டர் நாவல் எழுதியது 1990இல்.